எல்லாவற்றுக்கும் ரஞ்சனி

என் அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்குச் சட்டென்று வராது. அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதால் மரியாதை உண்டு. பிரியம் வர நாளாயிற்று. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, யார் வம்புக்கும் போனதில்லை. ஆனால் மனிதர் பேச மாட்டார். கூடத்தில் அவர் எதிரே உட்காருவதற்குப் பதிலாகச் சுவர்க் கடிகாரத்தின் எதிரே உட்காரலாம், அதுவாவது மணிக்கொரு தரம் வாயைத் திறக்கும்.

அப்படிப்பட்டவரும் ஒன்றுக்கு மட்டும் வாய் திறப்பார். எங்கிருந்தாவது சங்கீதம் காதில் விழ வேண்டும். மாடிவீட்டு ரேடியோ, தெருவில் போகிற காரின் ஜன்னல், யாருடைய போனோ, எதுவானாலும் சரி. வயலினில் ஒரு இழுப்பு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடகர் விடுகிற ஓர் அகாரம், அவ்வளவு போதும். "சாவேரி" என்பார். "முகாரி" என்பார். சொல்லும்போது வலது கை ஆள்காட்டி விரல் எதையோ சுண்டி எறிகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டும். அப்புறம் பழையபடி சுவர்.

அந்த வெட்டு அவருடைய வேலையிலிருந்து வந்தது. தபால் பிரிக்கும் கூடத்தில்தான் அவர் உத்தியோகம் பார்த்தார். நான் ஒருமுறை அவருடைய சாவியைக் கொடுக்கப் போய் அதைப் பார்த்திருக்கிறேன். நீளமான கூடம், பகலிலும் குழல்விளக்கு, சுவர் முழுக்க சதுரம் சதுரமாக மரத் தட்டுகள். நான் அவற்றைப் பொந்து என்பேன், அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு வட்டாரம். உயரமான முக்காலியில் உட்கார்ந்து, விரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, முகவரியின் கடைசி வரியை ஒரு பார்வை பார்ப்பார். கடிதம் பொந்துக்குள் இருக்கும். அனுப்பியது யார், பெறுபவர் யார் என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

"முழு விலாசத்தையும் படிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சா வேலை ஆகுமா?" என்றார். அதுவே அன்றைக்கு அதிகப் பேச்சு.

பாட்டையும் அவர் அப்படித்தான் கேட்டார். ஒரு பிடி காதில் விழுந்ததும் பொந்தில் போட்டுவிடுவார். கச்சேரிக்கு அழைத்துப் போனால் முதல் இழுப்பிலேயே பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு இரண்டு மணிநேரமும் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பத்தில் அவருக்கு "மூணு செகண்டு" என்று பெயர். வைத்தது நான்தான். மாப்பிள்ளையை இப்படியா சொல்வது என்று அம்மா கோபித்துக்கொண்டாள், ஒரு மாதத்தில் அவளும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள்.

தினமும் காலையில் ரேடியோவில் ஒரு போட்டி வரும். சின்னத் துணுக்கு ஒன்றைப் போட்டு, என்ன ராகம் என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் போன் செய்ய வேண்டும். அத்தான் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சவரம் செய்கிற நேரம் அது. துணுக்கு வந்ததும் கத்தி கன்னத்திலேயே நிற்கும். பெயரைச் சொல்லுவார். கத்தி திரும்ப நகரும். ஒருநாளும் அவர் போன் செய்ததில்லை.

"ஒரு தடவை பண்ணித்தான் பாருங்களேன் அத்தான். ரேடியோவுல உங்க பேரைச் சொல்வாங்க."

"எனக்குத்தான் தெரிஞ்சு போச்சே. தெரியாதவன் பண்ணட்டும்."

அக்காவுக்குச் சங்கீதம் அறவே வராது. எங்கள் வீட்டில் யாருக்கும் காது கிடையாது. எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுத்தான், சிலது சீக்கிரம் முடியும், சிலது முடியாது. அக்கா அறிந்த ஒரே ராகப் பெயர் கல்யாணி. ரேடியோவில் துணுக்கு வந்ததும் அடுப்படியிலிருந்து "கல்யாணி!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். தினமும் கொடுப்பாள். அத்தானின் பல்லை நான் பார்த்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

"உனக்கு எல்லாமே கல்யாணிதான்" என்பார் சிரித்துக்கொண்டே.

என்றாவது ஒருநாள் உண்மையிலேயே கல்யாணி வந்துவிடும். அன்றைக்கு அக்காவைப் பிடிக்க முடியாது. கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து நிற்பாள். "குருட்டாம்போக்குல அடிச்சாலும் அடிச்சது அடிச்சதுதான்" என்பாள். அவர் தலையை ஆட்டி ஒப்புக்கொள்வார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர்களுடைய குடித்தனத்தில் கொஞ்சிப் பேசியது என்று இருந்தது இவ்வளவுதான்.

அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா", "கேட்டியா", ரொம்ப அவசரமென்றால் "உள்ளே யாரு?" அக்காவின் பெயர் நல்ல பெயர். அப்பா யோசித்து யோசித்து வைத்தது. ஒருநாள் என்னையும் வைத்துக்கொண்டு அவளே கேட்டுவிட்டாள்.

"எனக்கும் ஒரு பேர் வெச்சிருக்காங்க. ஒரு தடவையாவது சொல்லிக் கூப்பிடுங்களேன், எப்படி இருக்குன்னு கேட்டுப் பார்க்கிறேன்."

"பக்கத்துலயே இருக்க. பேர் எதுக்கு?" என்றார் அத்தான்.

அவள் சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சவரம், ரேடியோ, கல்யாணி எல்லாம் அப்படியே நடந்தது. ஒருநாள் காலையில் துணுக்கு வந்தது. அக்கா வழக்கம்போல அடுப்படியிலிருந்து "கல்யாணி!" என்றாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை. அறிவிப்பாளர் விடையைச் சொல்லி, செய்தி தொடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று. வந்து பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கத்தி தரையில் கிடந்தது. அதை எடுக்கக் குனியலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் மாதிரி நின்றாராம்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. இருந்த பேச்சே கொஞ்சம், அதையுமா பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பேச்சு திரும்பிய நாளில் நானும் அங்கே இருந்தேன். அக்கா கரண்டியால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்:

"ரஞ்சனி."

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா நர்ஸைக் கூப்பிட வராந்தாவுக்கு ஓடினாள். நான் வெளியூரில் இருக்கும் அவர்கள் மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா பேசிட்டாரும்மா! அதுவும் ராகத்தைச் சொல்லித்தான் வாயைத் திறந்தாரு!" என்று கத்தினேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் ரஞ்சனி. வலித்தாலும் ரஞ்சனி. டாக்டரும் ரஞ்சனி, நானும் ரஞ்சனி. வேறொரு வார்த்தை அவர் வாயில் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் டாக்டர் பட அட்டைகளோடு வந்தார். சாவியைக் காட்டினார். குடையைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் இடது கையால் சுண்டி, அதே பதில். தப்பாகச் சொல்கிறோம் என்பது அத்தானுக்கும் தெரிந்தது. சொன்ன உடனே முகம் சுருங்கிவிடும்.

"பேர் எடுத்துக் கொடுக்கிற இடத்துல அடிபட்டிருக்கு" என்றார் டாக்டர். "சில பேருக்கு இந்த மாதிரி ஒரே வார்த்தை மாட்டிக்கும். எது மாட்டும்னு யாராலும் சொல்ல முடியாது. அதுக்கு அர்த்தம் தேடிக்கிட்டு உட்காராதீங்க. பாட்டு வேற இடத்துல இருக்கும், அது தப்பிச்சிருக்கலாம். அவருக்குப் பிடிச்சதைப் போட்டுக் காட்டுங்க."

பாட்டு தப்பித்துத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மகள் சின்னச் சின்னத் துணுக்குகளாக வெட்டிப் போனில் அனுப்பினாள். அக்கா அவற்றை அவர் காதருகே வைத்துப் போடுவாள். துணுக்கு நின்றுவிடும், அத்தான் நிற்க மாட்டார். விட்ட இடத்திலிருந்து முனகலாக எடுத்து மேலே கொண்டுபோவார். சரியாகப் போகிறார் என்று, அப்பாவின் காது வாய்த்த மகள் போனில் கேட்டுவிட்டுச் சொல்லுவாள், எனக்கென்ன தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே தெரிந்தது. அந்த நாட்களில் அந்த முகம் நன்றாக இருந்தது அந்தச் சில நொடிகள்தான். அப்புறம் இடது கை விரல் எழும்பும், சுண்டும்.

"ரஞ்சனி."

முகம் சுருங்கிவிடும். முழுவதும் தெரிந்த மனிதர், பெயரைக் கேட்டால் எல்லாக் கடிதத்தையும் ஒரே பொந்தில் போட்டார்.

அக்காவைச் சிரிக்க வைக்க நான் ஏதேதோ சொன்னேன். சிவரஞ்சனி என்று ஒன்று உண்டாம், ஸ்ரீரஞ்சனி உண்டாம், ஜனரஞ்சனி உண்டாம். மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "முழுசாத்தான்க்கா சொல்ல வராரு, முன்னால இருக்கிறதை முழுங்கிடுறாரு. இன்னிக்குச் சிவனை முழுங்கிட்டாரு, பாரு" என்பேன். முதல் சில தடவை சிரித்தாள்.

பிறகு ஒருநாள், துவைத்த படுக்கை விரிப்பை நானும் அவளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். மடிப்பில் கண்ணை வைத்தபடியே கேட்டாள்.

"ரஞ்சனின்னு பொண்ணுங்களுக்கும் பேர் வைப்பாங்க இல்லடா?"

"வைப்பாங்க. கல்யாணின்னும் வைப்பாங்க, பைரவின்னும் வைப்பாங்க. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. மாட்டிக்கிட்டது மாட்டிக்கிச்சு, நான் தினமும் கத்தின கல்யாணி மாட்டியிருக்கலாம். இல்ல, என் பேரு மாட்டியிருக்கலாம்."

"உன் பேரைத்தான் அவர் ஒருநாளும் சொன்னதே இல்லையேக்கா. எப்படி மாட்டும்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் விரிப்பை என் கையிலிருந்து வாங்கி, மீதியைத் தானே மடித்தாள்.

அப்போதிருந்து அவள் அந்த வார்த்தையைக் காதால் மட்டும் கேட்கவில்லை. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பாள். பரணிலிருந்து பழைய போட்டோக்களை இறக்கிப் பார்த்தாள். அவருடைய பள்ளிக்கூட குரூப் போட்டோவில் பெண்கள் வரிசையை ரொம்ப நேரம் பார்த்தாள். அத்தானோடு அடுத்த முக்காலியில் வேலை பார்த்தவரை நானே போய்க் கேட்டேன். "ரஞ்சனியா? அவனா? பொம்பளைங்க வந்து நின்னா, அவன் விலாசத்தைத்தான் பார்ப்பான்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அதை அப்படியே அக்காவிடம் வந்து சொன்னேன். அவளும் சிரித்தாள். முகத்தில் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது.

"ராகம்தான் போல" என்றாள். "நான்தான் கிறுக்கச்சி மாதிரி என்னென்னமோ நினைச்சுட்டேன்."

அந்தத் தெளிவில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் எனக்குப் போன் செய்தாள், குரலில் பழைய குறும்பு.

"டேய், இவர் எல்லாத்துக்கும் ரஞ்சனின்னுதானே சொல்றாரு? அப்போ ரஞ்சனியையே போட்டா?"

"போட்டா?"

"சரியாச் சொன்ன மாதிரி ஆயிடுமில்ல! பாவம்டா, தப்பு தப்புன்னு தினமும் மூஞ்சி சுருங்கிப் போகுது. ஒரு தடவையாவது அவர் சொன்னது சரியா இருக்கட்டும். நான் கல்யாணி அடிக்கலையா? அந்த மாதிரி."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் அக்காவைப் போல ஒருத்தி அந்த ஆளுக்கு எப்படிக் கிடைத்தாள் என்றுதான் நினைத்தேன். மகளிடம் சொன்னோம். அசல் ரஞ்சனியில் நல்ல துணுக்காக ஒன்று வெட்டி அனுப்பினாள்.

மத்தியானம். அத்தானுக்குச் சட்டை மாற்றி, ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள் அக்கா. தலைகூட வாரிவிட்டிருந்தாள். முதலில் வேறு இரண்டைப் போட்டாள். வழக்கம்போல முனகல், விரல், ரஞ்சனி, சுருங்கிய முகம். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பிறகு மூன்றாவதைப் போட்டாள்.

வயலின். ஒரே ஒரு ஏற்றம், ஓர் இறக்கம். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். துணுக்கு நின்றதும் எடுத்துக்கொண்டு போனார், மற்றதைவிட அதிக தூரம் போனார். அவருக்கு அது தெரிந்திருந்தது. கண்ணைத் திறந்தார். விரல் எழுந்தது. நானும் அக்காவும் கைதட்டத் தயாராக இருந்தோம்.

விரல் அந்தரத்திலேயே நின்றது. வாய் திறந்தது, உதடு குவிந்தது, விரிந்தது. சத்தம் வரவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் பயம் தெரிந்தது. கையில் கடிதம் இருக்கிறது, போடப் பொந்தைக் காணோம். கடைசியில் தலையை இல்லையென்று ஆட்டினார். கை விரிப்பின் மேல் விழுந்தது.

"சொல்லுங்க" என்றாள் அக்கா. "எப்பவும் சொல்றதுதான். சொல்லுங்க."

திரும்பப் போட்டாள். திரும்ப முனகினார். திரும்பத் தலையை ஆட்டினார். ரஞ்சனி என்ற ராகத்தின் பெயர் மட்டும் அவருக்கு வரவில்லை.

அக்கா போனை அணைத்துவிட்டு, மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். ஒரு வாய் குடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரஞ்சனி" என்றார்.

களைத்துப்போயிருப்பார் என்று நான் சொன்னேன். அர்த்தம் தேடக்கூடாதென்று டாக்டர் சொன்னாரே என்றேன். அடுத்த முறை அந்த டாக்டரிடமே கேட்டோம். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அடிபட்ட மூளை அப்படித்தான், ஒருநாள் வருவது ஒருநாள் வராது என்றார். "சரிங்க டாக்டர்" என்றாள் அக்கா. டாக்டர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். என் மனசு ஆறவில்லை. அந்த மனிதரைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. யாரய்யா அவள்? எந்தத் தெரு, எந்த வருஷம்? உயிரோடு இருக்கிறாளா? ஒருத்தியும் இல்லையென்றால் இல்லையென்றாவது சொல்லித் தொலை. சொல்ல அவரிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை, அதையும்தான் சொல்லிவிட்டாரே.

இனித் துணுக்கு அனுப்ப வேண்டாமென்று அக்கா மகளிடம் சொல்லிவிட்டாள். அவரைக் கவனித்துக்கொள்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊட்டுவாள், துடைப்பாள், புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பாள். ரேடியோவை மட்டும் எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். மாடிவீட்டிலிருந்து எப்போதாவது பாட்டு கேட்கும். கட்டிலில் முனகல் எழும், பெயர் வரும். அடுப்படியிலிருந்து கல்யாணி என்று யாரும் சொல்வதில்லை.

காலையில் மட்டும் வந்து அவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போக ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்தோம். சில வாரம் கழித்து நான் மாத்திரை வாங்கிக்கொண்டு போனபோது கதவைத் திறந்தது அந்தம்மாதான்.

"வாங்க சார், உக்காருங்க. ரஞ்சனியம்மா குளிக்கப் போயிருக்காங்க. இப்போ வந்துடுவாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் யாரைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. புரிந்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளேயிருந்து கணவர் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், மனைவி போகிறாள். வேறென்ன நினைப்பார்?

அக்கா ஈரத் தலையில் துண்டோடு வந்தாள். நர்ஸம்மா வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிற வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அந்தம்மாகிட்ட உன் பேரைச் சொல்லக் கூடாதா?"

"சொல்லி?"

"என்னக்கா இது, வேற எவ பேரையோ..."

"விடுடா. அவர் அப்படிக் கூப்பிடுறப்போ நான்தானே போறேன்." துண்டை அவிழ்த்து முடியை உதறினாள். "எத்தனை வருஷம் கேட்டிருப்பேன், பேர் சொல்லிக் கூப்பிடுங்கன்னு. இப்போ வாய்க்கு வாய் கூப்பிடுறாரு."

நான் அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சின்ன வயதிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், அந்தப் பெயர் எனக்கும் வரவில்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை. மகளுக்கு அவள் அம்மா. அந்தப் பெயரை எடுத்துச் சொல்ல ஆளே இல்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது, இப்போது நன்றாகவே தேறியிருந்த குரல்.

"ரஞ்சனி."

"இதோ வந்துட்டேங்க" என்று அக்கா துண்டை என் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அறை வாசல் வரைக்கும் தரையில் கிடந்தது.